திஜ்லாவும் ஃபுராத்தும் ஒரு பலகையில்

திஜ்லா, ஃபுராத் என அரபு நூல்களில் நாம் ஓதிவந்த இரு நதிகள் ஒரு விளையாட்டுப் பலகையிலும் ஓடுகின்றன. ஜெர்மானியரான ரைனர் நிஸியா ஆக்கி, 1997இல் வெளிவந்த 'டைகிரிஸ் அண்ட் யூப்ரட்டீஸ்' என்னும் ஆட்டமே அது. நம் பிள்ளைகளின் கைக்கும் இத்தகையவை எட்டும் காலமாதலால், அதனை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முதலில் மார்க்க வினா. நர்த் எனும் பகடையாட்டத்தை நபிமொழி கண்டிக்கிறது. சதுரங்கத்தைப் பற்றியோ இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பந்தயமின்றி, தொழுகையைப் பாழாக்காது ஆடினால் ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ் என்னும் அளவில் நிற்கிறது. நாம் ஆராயும் ஆட்டத்தில் பகடையுமில்லை, பந்தயமுமில்லை. எனினும் வில்லைகளைக் காணாமல் எடுப்பதால் தற்செயலுக்கும் சிறிது இடமுண்டு. தீர்ப்பை அவரவர் ஆலிமிடம் விட்டு, ஆட்டத்தின் கருத்துக்கு வருவோம்.

அரசன், பூசகர், உழவர், வணிகர் என ஒவ்வொருவருக்கும் நான்கு தலைவர்கள். குடியிருப்பு, ஆலயம், வயல், சந்தை எனும் நான்கு நிற வில்லைகளைப் பரப்பி நாடுகளை வளர்க்கிறார்கள். இறுதியில், நான்கு நிறங்களிலும் ஈட்டிய புள்ளிகளுள் எது மிகக் குறைவோ அதுவே ஒருவரின் கணக்கு. சந்தையில் இருபது சேர்த்தவர் வயலில் இரண்டே பெற்றிருந்தால், அவர் இரண்டுக்கே உரியவர்! மீஸானை நினைவூட்டும் இவ்விதி நமக்குப் பெரிதும் உவப்பளித்தது. ஒரு துறையில் வீங்கி மறுதுறையில் மெலிந்த சமுதாயம் நிலைக்காது என்பதைப் பத்துப் பிரசங்கங்களைவிட இது விரைவில் பதியவைக்கும்.

தலைவர் எவரும் ஆலயத்தை ஒட்டியே நிற்கவேண்டும். 153 வில்லைகளில் 57 ஆலயங்கள். இது வரலாற்றுக்குப் பொருந்தியதே. ஊர் என்னும் நகரில் சந்திர வணக்கத்துக்கு எழுப்பிய ஜிகுராத்தின் எச்சம் இன்றும் நிற்கிறது. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் சிலை வணக்கத்தை எதிர்த்து வாதிட்டது அம்மண்ணில்தான் என்பது நம்மிடையே வழங்கும் மரபு. பெற்றோர் இதனை அஞ்சி ஒளிக்க வேண்டுவதில்லை. அவ்வரலாற்றை எடுத்துரைக்க இதுவே தருணம்.

நாம் குறை காண்பது வேறிடத்தில். எழுத்து பிறந்த நிலம் அது. ஹம்முராபியின் சட்டம் கல்லில் பொறிக்கப்பட்ட நிலம். இப்பலகையிலோ எழுத்தருமில்லை, நீதிபதியுமில்லை. போர் மூண்டால் தோற்றவர் பக்கத்து வில்லைகள் அகற்றப்படுகின்றன. அங்கு வாழ்ந்தோர் எங்கே போயினர் என்று எவரும் கேட்பதில்லை.

முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை ஏவுகிறது. 2003 ஏப்ரலில் பக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. அங்கிருந்து போனவற்றுள் பல இன்றும் திரும்பவில்லை. பலகையிலிருந்து அகற்றிய வில்லைகளோ ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்பிவிடும். பிள்ளைகள் இதனை ஆடுவதாயின், இந்த வேற்றுமையை அவர்களுக்குச் சொல்லாமல் பெட்டியை மூடவேண்டாம் என்பதே பெற்றோருக்கு நம் வேண்டுகோள்.