நாலடியாரின் இரண்டு நாய்கள்

போன மாதம் படிவம் ஐந்து மாணவர்களின் திறனாய்வுப் பயிற்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாய் நன்றியின் குறியீடு, ஓநாய் வஞ்சகத்தின் குறியீடு என்று வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். தப்பில்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிட்டது. "டீச்சர், எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்றாள் ஒரு மாணவி.

அந்த 'எல்லாரும்' யார் என்பதில்தான் திறனாய்வு தொடங்குகிறது.

ஓநாயை முதலில் பார்ப்போம். மலேசியக் காட்டில் ஓநாய் கிடையாது, இருப்பது செந்நாய். சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல் மலைகளுக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு ஓநாய் என்பது ஈசாப் கதையும் கார்ட்டூனும்தான். அப்புறம் நம் மொழியணிப் பாடத்துக்குப் பழக்கமான அந்தப் பழமொழி: ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். இதைச் சொல்வது யார்? ஆடு வைத்திருப்பவர். கடைசியில் ஆட்டை அறுப்பவரும் அவர்தான்; பழமொழிக்குள் மட்டும் அவரைக் காணோம்! ஓநாயின் குற்றம் ஆட்டைத் தின்பதா, அல்லது சொந்தக்காரரைக் கேட்காமல் தின்பதா? இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், தூங்குகிற பின்வரிசைகூட எழுந்துகொள்ளும்.

நம் மரபில் ஓநாய்க்கு எப்போதும் கெட்ட பெயர்தான் என்றும் சொல்ல முடியாது. பாரதக் கதையில் வீமனுக்கு விருகோதரன் என்று ஒரு பெயர் உண்டு. ஓநாயின் வயிறு கொண்டவன் என்று பொருள். அது வசையல்ல, வீரனின் பெயர். அவனுடைய அண்ணன் தருமனோ, கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்றவன். ஒரே வீட்டில் இரண்டுக்கும் இடம் இருந்திருக்கிறது.

இனி நாய். நன்றிக்கு மேற்கோள் என்றால் நாம் நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரத்துக்குப் போவோம். பழகிய பாகனையே யானை கொல்லும். நாயோ, தன்மேல் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலை ஆட்டும். அதனால் நாய் போன்றவரின் நட்பைத் தேடு என்கிறது பாட்டு. இதை எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறோம். அதே நூலில் கீழ்மை அதிகாரத்தைப் புரட்டினால் இன்னொரு நாய் இருக்கிறது. பொன் தட்டில் சோறு வைத்து வளர்த்தாலும் பிறர் எச்சிலுக்குக் கண் இமைக்காமல் காத்திருக்கும் நாய் அது. கீழ்மக்களுக்கு உவமை. ஒரே நூலில் ஒன்று புகழ்ச்சி, ஒன்று இகழ்ச்சி. முரண்பாடு மாதிரித் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுமே எசமான் இடத்திலிருந்து பார்க்கிற பார்வைதான். அடித்தாலும் வாலாட்டினால் நல்ல நாய், போட்டதோடு அடங்காவிட்டால் கீழான நாய்.

மாணிக்கவாசகர் தன்னை 'நாயேன்' என்று சொல்வதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே தாழ்த்திக்கொள்பவர் தாமே விரும்பித் தாழ்த்திக்கொள்கிறார்.

இது வெறும் இலக்கிய விஷயமில்லை. எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர். அவர் தோட்டத்துக் கிராணி ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காதவனை "விசுவாசமான ஆளு" என்பாராம். கேட்டவனை "நன்றி கெட்ட நாயே" என்பாராம். நாலடியாரின் இரண்டு நாய்களும் தோட்டத்து லயத்தில்தான் இருந்திருக்கின்றன.

சினிமாவுக்கு வருவோம், மாணவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2013இல் வந்த மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' இந்தக் குறியீட்டைத் தலைகீழாக்கிய படம் என்று பாராட்டப்படுகிறது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அந்த ஓநாய் தன் தவற்றுக்கு வருந்தி ஒரு குடும்பத்தைக் காவல் காக்கிறது. ஓநாயை நல்லவனாகக் காட்ட இயக்குநருக்குக் கடைசியில் நாயின் குணம்தான் தேவைப்பட்டிருக்கிறது.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இதைவிடத் துணிச்சலானது. கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். அது செய்த குற்றம் ஒன்றுமில்லை, வளர்த்தவனின் சாதிதான் காரணம். பிறகு மனிதருக்குச் செய்வதுபோல் அதற்கு ஒப்பாரி வைத்து அடக்கம் செய்கிறார்கள். நன்றி இங்கே மனிதனிடமிருந்து நாய்க்குப் போகிறது. 'நாய் என்றால் நன்றி' என்று எழுதிவிட்டு நகர்கிற மாணவர் இந்த இடத்தைப் பார்க்காமலே போய்விடுவார்.

இதை வகுப்பில் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: நாலடியாரின் இரண்டு பாடல்களையும் ஒரே பாடவேளையில் கொடுங்கள். நான் போன வருடம் வேறு வேறு வாரத்தில் கொடுத்துவிட்டேன். ஒருத்தருக்கும் முரண்பாடு கண்ணில் படவில்லை.