ஒரு வேற்றுமை உருபும் ஓர் உரிமையும்

சட்ட நூல்கள் இலக்கியத் திறனாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை எனக் கருதுவார் பலர். ஆயின் சொல்லுக்குச் சொல் ஆய்ந்து பொருள் கொள்ளவேண்டிய உரைநடை ஒன்று உண்டெனில், அது ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டமே ஆகும். செய்யுளில் ஓர் உருபு தொக்கு நின்றால் உரையாசிரியர் அதனை விரித்துப் பொருள் உரைப்பர். சட்டத்தில் ஓர் உருபு இல்லாது போயின், அதனோடு ஓர் உரிமையும் இல்லாது போதல் கூடும். இதற்குத் தக்க சான்றாக விளங்குவது மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் விதி.

ரீட் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணையத்தின் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்டு உருவாகி, 1957 ஆகஸ்டு 31இல் நடைமுறைக்கு வந்தது இவ்வரசியலமைப்பு. அதன் இரண்டாம் பகுதி, 5 முதல் 13 வரையுள்ள விதிகளில் அடிப்படை உரிமைகளை வகுத்துரைக்கின்றது. உயிர், உடல் உரிமை, சமத்துவம், பேச்சுரிமை, சமயம், கல்வி ஆகியன ஆண்டு இடம்பெறுகின்றன. மொழியுரிமையோ அவ்வரிசையில் இல்லை. பன்னிரண்டாம் பகுதியில் 152ஆம் விதியாக நிற்கின்றது. மலாய்மொழியே தேசிய மொழி என அவ்விதி முதற்கண் நிறுவுகின்றது. அடுத்து, பிற மொழி எதனையும் அதிகாரபூர்வக் காரியங்களுக்கு அன்றிப் பயன்படுத்துவதையோ, கற்பிப்பதையோ, கற்பதையோ எவரும் தடுத்தல் ஆகாது என்கின்றது. பிற இனத்தாரின் மொழிப் பயன்பாட்டையும் மொழிக் கல்வியையும் பேணி வளர்க்க அரசாங்கத்துக்கு உள்ள உரிமையும் குறைவுபடாது என்பது அதன் மற்றொரு கூறு. பயன்படுத்தல், கற்பித்தல், கற்றல் என்னும் இம்மூன்று வினைகளின்மீதே தமிழ்ப் பள்ளியின் உரிமை வாதம் முழுவதும் எழுப்பப்பட்டுள்ளது.

இவ்வினைகளின் பொருள் 1982இல் சோதனைக்கு உள்ளாயிற்று. சீன மொழியை முதன்மைப் பயிற்று மொழியாகக் கொண்ட மெர்டேக்கா பல்கலைக்கழகத்தை நிறுவ இசைவு மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு, துன் முகமது சுஃபியான் தலைமையிலான ஐவர் அமர்வின் முன் வந்தது. நால்வர் வழக்கைத் தள்ளினர். ஜார்ஜ் சியா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அப்பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பாகும். ஆகவே அங்குச் சீன மொழியைப் பயிற்று மொழியாக்குவது அதிகாரபூர்வக் காரியத்திற்கான பயன்பாடே என்பது தீர்ப்பின் ஒரு காரணம். மற்றொரு காரணம் முற்றிலும் இலக்கணம் சார்ந்தது. ஆங்கில மூலத்தில் கற்பித்தல், கற்றல் என்னும் சொற்களை அடுத்து ‘இன்’ என்னும் சிறு முன்னிடைச்சொல் இல்லை. ஆதலின் ஒரு மொழியைக் கற்பிக்கும் உரிமை உண்டு. ஒரு மொழியில் பிற பாடங்களைக் கற்பிக்கும் உரிமை இல்லை என்றனர் நீதிபதிகள்.

வேற்றுமையியல் பயின்ற மாணவனுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ‘தமிழைக் கற்பித்தல்’ என்புழி இரண்டாம் வேற்றுமை. தமிழ் செயப்படுபொருளாக நிற்கின்றது. ‘தமிழால் கற்பித்தல்’ என்புழி மூன்றாம் வேற்றுமை. தமிழ் கருவியாகி, கணிதமும் அறிவியலும் அதன்வழி வந்தடைகின்றன. முன்னது பாட மொழி. பின்னது பயிற்று மொழி. ‘ஐ’க்குக் காவல் உண்டு, ‘ஆல்’க்குக் காவல் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம் எனலாம்.

இதே வினா அமெரிக்க நாட்டிலும் எழுந்ததுண்டு. முதல் உலகப் போரை ஒட்டி அங்கு ஜெர்மானியர்மீது வெறுப்பு மிகுந்தது. நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் இயற்றிய சட்டம், பள்ளிகளில் ஆங்கிலம் தவிர்ந்த மொழியில் எப்பாடத்தையும் கற்பித்தலாகாது என்றும், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்குப் பிறமொழி எதனையும் கற்பித்தலாகாது என்றும் விதித்தது. சமயப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் இராபர்ட் மேயர், 1920 மே மாதத்தில், பத்து வயதுச் சிறுவனுக்கு விவிலியக் கதைகளை ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்தார். அதன்பொருட்டு அவருக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923 ஜூன் 4இல் எழுவர் மேயர் பக்கமும் இருவர் எதிராகவும் நின்றனர், தண்டனை நீங்கிற்று.

அத்தீர்ப்புக்கு ஆதாரம் 1868இல் ஏற்கப்பட்ட பதினான்காம் திருத்தம். தக்க சட்டமுறை இன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் உடைமையையும் மாநிலம் பறித்தலாகாது என்பது அது. அதில் மொழி என்னும் சொல்லே இல்லை. ‘சுதந்திரம்’ என்னும் ஒரு சொல்லை விரித்து, ஆசிரியர் கற்பிக்கும் உரிமையும் பெற்றோர் தம் மக்களின் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதனுள் அடங்கும் எனக் கண்டனர். மலேசிய விதியிலோ மொழியுரிமை எழுத்தில் வெளிப்படையாக இருக்கின்றது. இருந்தும், இல்லாத ஓர் இடைச்சொல்லைக் கொண்டு அதன் எல்லை சுருக்கப்பட்டது. முன்னது விரித்துரை, பின்னது சுருக்கவுரை. எனினும் அமெரிக்கத் தீர்ப்பை மிகையாகப் புகழ்தலும் பொருந்தாது. ஆங்கிலத்தையே பயிற்று மொழியாக்கும் மாநிலத்தின் அதிகாரத்தை அத்தீர்ப்பு கேள்விக்கு உட்படுத்தவில்லை. சுருங்கக் கூறின், இரு நாட்டு நீதிமன்றங்களும் ‘ஐ’ உருபின் எல்லையிலேயே நின்றுவிட்டன.

இவ்வெல்லையின் விளைவைத் தமிழ்ப் பள்ளிகள் பட்டறிந்துள்ளன. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்திருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பயிற்று மொழி கொள்கையால் மாறியது, கொள்கையாலேயே மீண்டது. ‘ஆல்’ உருபுக்கு அரசியலமைப்பின் காவல் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர், தாய்மொழிப் பள்ளிகளே அரசியலமைப்புக்கு முரணானவை என்னும் வழக்கு எழுந்தது. வாதிகளுள் தேசிய எழுத்தாளர் சங்கங்களின் கூட்டமைப்பான காப்பேனாவும் ஒன்று. எதிர்வாதிகளுள் தமிழ் அமைப்புகளும் இருந்தன. 2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. தாய்மொழிப் பள்ளி பொது அதிகார அமைப்பு அன்று. ஆதலின் அங்குத் தமிழும் சீனமும் பயிற்று மொழியாதல் அதிகாரபூர்வக் காரியம் ஆகாது என்பது முடிவு. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இத்தீர்ப்பைக் கொண்டாடியோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. 1982இல் ‘கற்பித்தல்’ என்னும் வினைக்குக் கூறப்பட்ட சுருக்கவுரை இதனால் விரிவடைந்துவிடவில்லை. ‘பயன்படுத்தல்’ என்னும் வேறொரு வினையின் வழியாகவே பள்ளி காப்பாற்றப்பட்டது. எந்த வாயில் திறந்திருக்கின்றது என்பதை அறிந்தவனே அதனைக் காக்க வல்லவன்.

இனி, தடையின்மை மட்டுமே ஒரு மொழியை வாழவைக்குமா என்னும் வினா எஞ்சுகின்றது. அதற்கு மலாக்கா மண்ணே விடை கூறும். மலாக்கா நகருக்கு வடமேற்கே கடலோரம் அமைந்த தஞ்சோங் கிளிங், தன் பெயரிலேயே வரலாற்றைத் தாங்கி நிற்கும் ஊர். தென்னிந்தியரை மலாய் உலகம் வழங்கிய பழம்பெயரே ‘கிளிங்’. சுல்தான்கள் காலத்து மலாக்காவில் வணிகம் நடத்திய தமிழரின் வழித்தோன்றல்களாகிய மலாக்காச் செட்டிகள், சைவ வழிபாட்டை இன்றும் விடாது போற்றுகின்றனர். ஆயின் அவர்தம் வீட்டு மொழி மலாய் வழிப்பட்ட கலப்பு மொழியாயிற்று. அவர்கள் தமிழ் பேசலாகாது என எச்சட்டமும் விதித்ததாகத் தெரியவில்லை; தலைமுறை தோறும் தமிழால் கற்பிக்க ஒரு பள்ளி இல்லாமையே பெருங்குறை எனக் கருத இடமுண்டு. அவர்களுக்குப் பின் வந்த தோட்டத் தமிழர்க்கு அப்பள்ளி வாய்த்தது. ஆயினும் விடுதலை பெற்ற காலத்தில் 800க்கு மேற்பட்டிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530 ஆகக் குறைந்துள்ளன. தோட்டத் துண்டாடலும் நகர்ப்புறக் குடிபெயர்வும் சிறு பள்ளிகளின் இணைப்பும் இதற்குக் காரணங்கள். தடைச் சட்டம் காரணம் அன்று.

ஆகவே சட்டம் தரும் உரிமை ஒரு கேடயமே அன்றி உணவு அன்று என்பது தெளிவாகும். கேடயத்தின் அளவை அறியாது களம் புகுதல் பேதைமை. கேடயம் உள்ளதெனப் பட்டினி கிடத்தல் அதனினும் பேதைமை. 152ஆம் விதியைத் தமிழாசிரியர் மூலத்தோடு பயிலுதல் வேண்டும். உயர் வகுப்பு மாணவர்க்கு வேற்றுமைப் பாடத்தின் உதாரணமாகவே அதனைக் காட்டலாம். ‘தமிழை’ என்பதனைச் சட்டம் காக்கும். ‘தமிழால்’ என்பதனைக் காப்பது, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரும், அப்பிள்ளைக்குக் கணிதத்தையும் அறிவியலையும் நல்ல தமிழில் விளங்க உரைக்கும் ஆசிரியருமே ஆவர்.