லினக்ஸில் பேஜ்மேக்கர் ஓடுமா? வைன் 10 சோதனை ஓட்டம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 கேட்கிறது. இன்டெல் பிராசசராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. இந்த வரம்புக்கு வெளியே நிற்கும் கம்ப்யூட்டர்கள் நம்மூர் அச்சகங்களிலும் டிடிபி சென்டர்களிலும் வீடுகளிலும் ஏராளம். அவற்றில் எந்தக் கோளாறும் இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

ஆனால் லினக்ஸ் என்றதும் எதிரே வரும் கேள்வி ஒன்றுதான்: “என் பேஜ்மேக்கர் அதில் ஓடுமா?” பேஜ்மேக்கருக்குப் பதில் பழைய பில்லிங் மென்பொருளாக இருக்கலாம், ஃபோட்டோஷாப்பாக இருக்கலாம், பிள்ளைகளின் கேமாக இருக்கலாம். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் மென்பொருள்தான் வைன். லினக்ஸ் மேஜைக்கணினியில் விண்டோஸ் மென்பொருளை ஓடவைக்கும் இணக்க அடுக்கு அது. முழுக்க இலவசம், திறமூலம்.

ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட் 22 கொண்ட சாதாரண மேஜைக்கணினியில் வைன் 10.0 பதிப்பைப் போட்டு, அன்றாட வேலைகளைக் கொடுத்துப் பார்த்தேன்.

உள்ளே நடப்பது என்ன?

ஒரு விண்டோஸ் மென்பொருள் தானாக எதையும் செய்துவிடுவதில்லை. ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்த எழுத்தைத் திரையில் வரை’, ‘இதைப் பிரின்டருக்கு அனுப்பு’ என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸைத்தான் கேட்கும். அந்தக் கேள்விகளுக்கு விண்டோஸின் இடத்தில் நின்று வைன் பதில் சொல்கிறது. விண்டோஸில் இருக்கும் அதே பெயருள்ள டிஎல்எல்களை வைன் தானே புதிதாக எழுதி வைத்திருக்கிறது. கேள்வியை வாங்கி, வேலையை லினக்ஸிடம் செய்யச் சொல்லி, விடையை விண்டோஸ் தரும் வடிவிலேயே திருப்பிக் கொடுக்கிறது.

கணக்குப் போடும் வேலையைப் பிராசசர் நேரடியாகச் செய்கிறது, நடுவில் யாரும் இல்லை. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. விர்ச்சுவல் மெஷினில் என்றால் முழு விண்டோஸையும் நிறுவி, அதற்கென்று ரேமை ஒதுக்கி, லைசென்ஸும் வாங்க வேண்டும். வைனுக்கு விண்டோஸே தேவையில்லை.

இந்த முயற்சி தொடங்கியது 1993-இல், விண்டோஸ் 3.1 காலத்தில். பாப் ஆம்ஸ்டாட் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டே பொறுப்பு அலெக்சாந்தர் ஜூலியார் கைக்கு வந்தது. 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 ஜூன் வரை, அதாவது 15 வருடம் பிடித்தது. மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்த்தவர்கள் வைனுக்கு நிரல் எழுதக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அந்தக் குழு கறாராகக் கடைப்பிடிக்கிறது. ஒரு கட்டளைக்கு விண்டோஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்தே சோதித்து, அதே மாதிரி நடக்கும் நிரலைச் சொந்தமாக எழுதுகிறார்கள். விண்டோஸில் உள்ள பிழையை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களும் உண்டு என்பதால், சில இடங்களில் அந்தப் பிழையையும் அப்படியே திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தப் பொறுமையோடு உழைப்பவர்களுக்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

நிறுவுவது எப்படி?

மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே வைன் இருக்கிறது. ஆனால் அது சற்றுப் பழைய பதிப்பு. 2025 ஜனவரியில் வந்த 10.0 வேண்டுமென்றால் வைன் குழுவின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 32-பிட் லைப்ரரிகளும் கூடவே இறங்கும், அதைத் தடுக்காதீர்கள். பழைய விண்டோஸ் மென்பொருள்கள் பெரும்பாலும் 32-பிட் ரகம்தான்.

முதல் முறை ஓட்டும்போது மோனோ வேண்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். டாட்நெட்டில் எழுதிய மென்பொருள்களுக்கு அது தேவை. அந்த மோனோ திட்டத்தையே 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வைன் குழுவிடம் ஒப்படைத்துவிட்டது.

பிறகு உங்கள் ஹோம் ஃபோல்டரில் ‘வைன்’ என்ற பெயரில் மறைந்த ஃபோல்டர் ஒன்று உருவாகும். அதற்குள் சி டிரைவ், அதற்குள் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் என்று எல்லாம் பழகிய பெயர்கள். ரெஜிஸ்ட்ரிகூட சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக அங்கேயே இருக்கும். இந்த முழு ஃபோல்டரைத்தான் ‘பிரிஃபிக்ஸ்’ என்கிறார்கள். வைனை நன்றாகப் பயன்படுத்த ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கியமான மென்பொருளுக்கும் தனித்தனி பிரிஃபிக்ஸ் வைத்துக்கொண்டால் ஒன்றின் கோளாறு இன்னொன்றைத் தொடாது. டெர்மினல் பழக்கமில்லாதவர்களுக்கு ‘பாட்டில்ஸ்’ என்ற செயலி இதை மவுஸ் கிளிக்கிலேயே செய்து தருகிறது. எல்லாம் சரியாக அமைந்ததும் அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பின்னால் எது கெட்டாலும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, ஃபோல்டரைத் திரும்பப் போட்டால் போதும்.

பேஜ்மேக்கரும் பாமினியும்

பேஜ்மேக்கர் 7.0 வெளியானது 2001-இல். அதற்குப் பிறகு அடோபி புதுப் பெரும் பதிப்பு எதுவும் விடவில்லை. இருந்தாலும் அழைப்பிதழ், நோட்டீஸ், பில் புக், கோயில் மலர் என்று தமிழ்நாட்டு அச்சு வேலையில் பெரும்பகுதி அந்தக் கோப்புகளில்தான் தூங்குகிறது. எனவே முதல் சோதனை அதற்குத்தான்.

சிடியிலிருந்து செட்டப் கோப்பை இருமுறை கிளிக் செய்ததும் விண்டோஸில் வருகிற அதே இன்ஸ்டால் திரை வந்தது. சீரியல் எண் கேட்டது, முடித்தது. மெனுவில் பேஜ்மேக்கர் ஐகான் சேர்ந்துகொண்டது. அடுத்து எழுத்துரு. பாமினி எழுத்துருக் கோப்பை சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் போட்டுவிட்டுப் பேஜ்மேக்கரைத் திறந்தால் பட்டியலில் பாமினி தயார்.

பாமினிக்குக் கீபோர்டு மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பது இங்கே பெரிய உதவி. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு அது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளை வரிசையாகத் தட்டினேன். திரையில் ‘தமிழ்’ என்று விழுந்தது. ஒற்றுப்புள்ளி எழுத்தின் தலையில் சரியாக உட்கார்ந்திருந்தது. பழைய அழைப்பிதழ் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தபோது வரிகள் அதே இடத்தில் முறிந்தன, பார்டரும் நகரவில்லை. பக்கம் புரட்டும் வேகத்தில் விண்டோஸுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தொந்தரவு கொடுத்தது மிதக்கும் டூல் பேலட்டுகள்தான். வேறு ஜன்னலுக்குப் போய்த் திரும்பினால் சில சமயம் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. வைன் கான்ஃபிகரேஷனில் கிராஃபிக்ஸ் தாவலுக்குப் போய் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை இயக்கினால் பேஜ்மேக்கர் முழுவதும் ஒரே ஜன்னலுக்குள் அடங்கிவிடும். எழுத்துகள் சிறிதாகத் தெரிந்தால் அதே தாவலில் டிபிஐ அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

பிரின்ட் எடுப்பதில் வைன் என்னை மகிழ்வித்தது. லினக்ஸில் சேர்த்த பிரின்டர்கள் எல்லாம் பேஜ்மேக்கரின் பட்டியலில் தாமாக வந்துவிடுகின்றன. அதிலும் வைன் பிரின்டருக்கு அனுப்புவது போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவில். பேஜ்மேக்கர் எப்போதும் விரும்பிக் கேட்பதும் அதைத்தான். கப்ஸ்-பிடிஎஃப் என்ற மெய்நிகர் பிரின்டரைச் சேர்த்துக்கொண்டால் நேராகப் பிடிஎஃப் எடுக்கலாம். பிளேட் போடக் கொடுக்கும் முன் அந்தப் பிடிஎஃப்பைப் பெரிதாக்கி ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். பேஜ்மேக்கரில் காப்பி செய்ததை லினக்ஸ் எடிட்டரில் பேஸ்ட் செய்ய முடிகிறது. பாமினியில் இருக்கும் பழைய பாடத்தை வெளியே எடுத்து, ஓப்பன்-தமிழ் போன்ற திறமூல நிரல் தொகுப்பால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். பேஜ்மேக்கரை என்றென்றும் ஓட்டிக்கொண்டிருப்பதைவிட இதுதான் முக்கியமான பயன்.

யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லினக்ஸின் ஐபஸ் வழியாகத் தமிழ்99 அமைத்துக்கொண்டால் வைன் மென்பொருள்களுக்குள்ளும் அது வேலை செய்கிறது. என்எச்எம் ரைட்டர் போன்ற விண்டோஸ் தட்டச்சு மென்பொருள்களை வைனில் போடுவதில் பயனில்லை. அவற்றின் கை வைனைத் தாண்டி மற்ற லினக்ஸ் செயலிகளுக்கு எட்டாது. மைக்ரோசாஃப்டின் லதா எழுத்துரு வைனோடு வராது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை எப்படி?

நோட்பேட்++, இர்ஃபான்வியூ, 7-ஜிப் போன்ற சிறு கருவிகள் சொந்த வீட்டில் இருப்பதுபோல் ஓடுகின்றன. ஆபீஸ் 2010 காலத்துப் பதிப்புகளைத் தனி 32-பிட் பிரிஃபிக்ஸில் வைத்தால் வேர்டும் எக்ஸெலும் வேலைக்கு உதவும். மைக்ரோசாஃப்ட் 365 இன்ஸ்டாலே ஆகாது. ஃபோட்டோஷாப்பிலும் அதே கதை: பழைய சிஎஸ் வரிசைப் பதிப்புகள் சமாளிக்கின்றன, கிரியேட்டிவ் கிளவுட் வழியாக வரும் புதியவற்றுக்கு இன்ஸ்டாலரே பெரிய தடை.

சோதிக்கச் சோதிக்கத் தெளிவான விஷயம் இது: மென்பொருள் பழையதாக ஆக ஆக வைன் அதை நன்றாகக் கவனித்துக்கொள்கிறது. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் மென்பொருள் எதுவும் 64-பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. அதே 16-பிட் மென்பொருளை 64-பிட் லினக்ஸில் வைன் ஓட்டிக்காட்டுகிறது. விண்டோஸே கைவிட்டதை வைன் கைவிடவில்லை.

கேம்களுக்கு வழி வேறு. வைனை அடிப்படையாக வைத்து வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. அதன் ஸ்டீம் கடையில் வாங்கிய விண்டோஸ் கேமை லினக்ஸில் அப்படியே பிளே பட்டனை அழுத்தி ஆடலாம். டைரக்ட்3டி கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே இதற்குப் பின்னால் இருக்கிறது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கருவி முழுவதும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நிற்கிறது. இதனால் வந்த பணமும் உழைப்பும் வைனையும் வளர்த்திருக்கின்றன. ஆனால் வேலரன்ட் போல, விண்டோஸ் கெர்னலுக்குள் நுழைந்து உட்காரும் ஆன்டி-சீட் உள்ள கேம்கள் ஓடாது.

எங்கே கைவிடும்?

வன்பொருளோடு நேரடியாகப் பேச வேண்டிய இடத்தில் வைன் நின்றுவிடும். விண்டோஸ் கெர்னல் டிரைவர்களை அது லினக்ஸுக்குள் ஏற்ற முடியாது. ஆகவே யுஎஸ்பி டாங்கிள் பூட்டோடு விற்கப்பட்ட எழுத்துருத் தொகுப்புகளையும் கணக்கு மென்பொருள்களையும் வைனில் நம்பாதீர்கள். வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் இது வழியல்ல. அதற்கு டோக்கன் தயாரிப்பாளர் தரும் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்கு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வதே நல்லது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வைனில் ஓடும் மென்பொருளுக்கு இசட் டிரைவ் என்ற பெயரில் உங்கள் லினக்ஸ் கோப்புகள் முழுவதும் தெரியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் விண்டோஸ் வைரஸ் வைனில் ஓடினால் உங்கள் ஹோம் ஃபோல்டரையும் பூட்டக்கூடும். எங்கிருந்தோ வந்த கிராக் கோப்புகளை ஓட்டாதீர்கள். வைனை ஒருபோதும் சூடோ போட்டுத் திறக்காதீர்கள். வைன் கான்ஃபிகரேஷனில் டிரைவ்ஸ் தாவலில் இசட் டிரைவை எடுத்துவிட்டு, வேலைக் கோப்புகள் உள்ள ஃபோல்டரை மட்டும் தனி டிரைவாகச் சேர்த்தால் ஓரளவு பாதுகாப்பு.

யாருக்கு ஏற்றது?

பழைய பேஜ்மேக்கர் கோப்புகள், பழைய சிறு மென்பொருள்கள், ஸ்டீம் கேம்கள் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வைனை நம்பி லினக்ஸுக்கு வரலாம். புத்தம்புதிய அடோபி, மைக்ரோசாஃப்ட் 365, டாங்கிள், டோக்கன் ஆகியவற்றில் பிழைப்பு நடத்துபவர்கள் வைனை மட்டும் நம்பி விண்டோஸை அழித்துவிட வேண்டாம்.

‘வைன் நன்றாக இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ‘என் மென்பொருளுக்கு வைன் எப்படி?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நீங்கள் வாரத்தில் ஒரு முறையாவது திறக்கும் மென்பொருள்களைத் தாளில் எழுதுங்கள். வைன் குழுவின் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றுக்கும் பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று பயனர்கள் தந்த தரத்தைப் பாருங்கள். அதில் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவி, அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். எல்லாம் தேறினால் முழுதாக மாறுங்கள்.

மாறியதும் பழைய கோப்புகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். வைன் அவற்றைத் திறந்து தருகிற இப்போதே பிடிஎஃப்பாக ஒரு பிரதி, யூனிகோடில் ஒரு பிரதி என்று எடுத்து வையுங்கள். இருபது, முப்பது வருட உழைப்பு ஒரே மென்பொருளையும் ஒரே எழுத்துருவையும் நம்பி இருக்கக் கூடாது.