வில்லும் வம்சமும்

அரச வம்சங்களின் தோற்றக் கதைகளை முழுதும் மெய்யென்று கொண்டாடுவாரும் உளர். முழுதும் பொய்யென்று வீசி எறிவாரும் உளர். இவ்விரு சாராரும் கற்கவேண்டிய பாடமொன்று, கி. மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேராசிரியர் ஹெரொடோட்டஸின் சரித்திர நூலில் இருக்கின்றது. கருங்கடலுக்கு வடபாலுள்ள புல்வெளிகளில் குதிரைமேல் திரிந்த ஸித்தியர் என்னும் நாடோடி மக்களைப்பற்றி, அந்நூலின் நான்காம் பாகத்தில் அவர் கூறுவனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஸித்தியர் எங்ஙனம் தோன்றினர்? ஆசிரியர் முதன்மையாக மூன்று வரலாறுகளைத் தருகின்றார். முதலாவது, ஸித்தியர் தாமே சொல்லியது: வானத்திலிருந்து பொன்னாலாகிய கலப்பை, நுகம், கோடரி, கிண்ணம் ஆகியவை வீழ்ந்தன, மூத்தோர் இருவர் அணுகியபோது அப்பொன் தீப்பற்றி எரிந்தது, இளையோன் அணுகத் தணிந்தது, அவனே அரசனானான். இரண்டாவது, கருங்கடற்கரைக் கிரேக்கர் சொல்லியது: வீரன் ஹெர்க்குலிஸ் ஒரு வில்லையும் கச்சையையும் விட்டுச் சென்றான், அவன் புதல்வர் மூவருள் அவ்வில்லை வளைத்த இளையோன் ஸித்தெஸ் என்பானே நாட்டிற்குரியவனானான். மூன்றாவதில் தெய்வமில்லை, அற்புதமில்லை. ஆசியாவில் வாழ்ந்த நாடோடிகள், மஸ்ஸகெத்தர் என்பாரால் போரில் நெருக்கப்பட்டு, ஆறு கடந்து வந்தேறினர் என்பதே அது. தாம் பெரிதும் நம்புவது இதனையே என்று ஆசிரியர் வெளிப்படையாகக் கூறுகின்றார்.

இதுவே அவர்தம் பெருமை. தம் அறிவுக்கு ஒவ்வாத கதைகளை அவர் மறைக்கவில்லை. அவற்றைச் சொன்னதனாலேயே நம்பிவிடவுமில்லை. ஒரு குலம் எவ்விதம் வந்தது என்பதை மூன்றாம் வரலாறு காட்டும். அது எதனைத் தன் சின்னமாகப் போற்றியது என்பதை முன்னிரண்டுமே காட்டும். கிரிமியாவிலுள்ள குல்-ஓபா என்னும் புதைமேட்டில் 1830-இல் கிடைத்த கி. மு. 4-ஆம் நூற்றாண்டுக் கலத்தில், ஸித்தியன் ஒருவன் வில்லுக்கு நாணேற்றும் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இரண்டாம் கதையின் காட்சியெனக் கொள்ளும் அறிஞரும் உளர்.

எனினும், ஆசிரியரிடத்து ஒரு குறை காண்கின்றோம். அவர் நூலின் முதற்பாகத்திலேயே வேறொரு செய்தி வருகின்றது. ஸித்தியக் கூட்டமொன்று மீடியா நாட்டு மன்னன் சயாக்சரஸை அடைக்கலம் புகுந்தது. அவன் சிறுவர்களை அவர்களிடம் ஒப்புவித்து, அவர்தம் மொழியையும் வில்வித்தையையும் கற்பிக்கச் செய்தான். ஒருநாள் வேட்டையில் ஒன்றும் கிட்டாது திரும்பிய அவர்களை மன்னன் இழித்துரைத்தான். அவர்கள் அச்சிறுவருள் ஒருவனைக் கொன்று, வேட்டை இறைச்சியென்று சமைத்துப் படைத்துவிட்டு, லிடியா நாட்டிற்கு ஓடினர். அதனால் மூண்ட போர் ஐந்தாண்டு நடந்து, ஆறாம் ஆண்டில் பகல் இரவானமையால் நின்றது. அக்கிரகணம் கி. மு. 585-இல் நிகழ்ந்ததென்பர்.

முதற்பாகத்தில் அயலான் வாயிலில் ஊழியம் செய்த வில்லே நான்காம் பாகத்தில் அரசுரிமைச் சின்னமாகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்க ஆசிரியர் தவறினார். இணைத்திருப்பாராயின், பிழைப்புக்கு உதவிய கருவி வம்சத்தின் புனிதப் பொருளாக உயரும் வழி விளங்கியிருக்கும்.

பிற்கால நாணயங்கள் அதனை விளக்குகின்றன. பர்னி என்னும் நாடோடிக் குலத்துத் தலைவன் அர்சாசெஸ், கி. மு. 3-ஆம் நூற்றாண்டில் பார்த்திய அரசை நாட்டினான். கி. பி. 224-இல் வீழும்வரை ஆண்ட அவ்வம்சத்தின் வெள்ளிக்காசுகளில், கையில் வில்லேந்தி அமர்ந்த வீரனுருவம் தொடர்ந்து வருகின்றது. அவ்வம்சத்திற்குப் பழைய பாரசீகப் பேரரசரின் வழித்தோன்றல் என்னும் பெருமையும் பின்னர்க் கற்பிக்கப்பட்டது. வாய்மொழி உயர்குலம் தேடிற்று. காசோ வில்லை மறக்கவில்லை.

ஆதலின் நேயர்களே, வம்சக் கதைகளை எரிக்கவும் வேண்டா, தொழவும் வேண்டா. கதையையும் சின்னத்தையும் அருகருகே வைத்துப் படிப்போம். வானத்திலிருந்து வீழ்ந்ததாகச் சொல்லப்படும் பொன்னுக்குள்ளே, மண்ணில் உழைத்த கை ஒன்று மறைந்திருத்தலைக் காண்போம்.