ஒரு நாள் மதீனாவும் நம் பயண எழுத்தும்

நம் சமுதாய இதழ்களிலும் ஊர்ச் சிறப்பு மலர்களிலும் தவறாது இடம்பெறும் எழுத்து வகைகளுள் ஜியாரத் கட்டுரையும் ஒன்று. உம்ராவை நிறைவேற்றித் திரும்பியோர், மதீனாவில் தாம் கழித்த நாளை எழுதி அனுப்புகின்றனர். ஆசிரியர்களும் மகிழ்வோடு வெளியிடுகின்றனர். எழுதுவோரின் எண்ணம் தூயது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணம் தூயதாக இருப்பதனாலேயே எழுத்து நல்லதாகிவிடாது. புனிதத் தலங்களைப் பற்றிய எழுத்தைத் திறனாய்வுக்கு உட்படுத்தலாகாது என்று கருதுவோர் உளர். நாம் அக்கருத்தினர் அல்லர். பெருமானார் (ஸல்) அவர்களின் திருநகரைப் பற்றி எழுதுவோருக்குப் பொறுப்பு கூடுமேயன்றிக் குறையாது.

இக்கட்டுரைகளைப் படிப்போர் யாவர் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய்த் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்கூடங்கள் பரந்தன. தென் மாவட்டங்களிலிருந்து வந்து, வாடகை அறைகளில் தங்கி, ஷிப்டு முறையில் உழைக்கும் நம் இளைஞர் பலர் அங்கு உளர். அவர்களுக்கு விடுப்பு நாள்கள் எண்ணித் தரப்படுபவை. பயண முகவர் வகுத்த சில நாள் திட்டத்தில் உம்ராச் செல்லும் ஒருவருக்கு, மதீனாவின் தலங்களைச் சுற்றிப் பார்க்கக் கிடைப்பது ஒரு நாள், பல வேளைகளில் அரை நாள். அவருடைய தாயாருக்கோ அதுவும் வாய்ப்பதில்லை. மூட்டுவலியோடு ஊரில் இருக்கும் அம்மூதாட்டிக்கு, மகன் படித்துக் காட்டும் இதழின் நான்கு பக்கங்களே மதீனா. அந்த நான்கு பக்கங்களில் அவருக்கு என்ன தருகின்றோம்?

பெரும்பாலும் ஒரு பட்டியலையே தருகின்றோம். அதிகாலையில் பேருந்து புறப்படும். குபாப் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவார்கள், கண்கள் பனிக்கும். கிப்லத்தைன் பள்ளிவாசலுக்குச் செல்வார்கள், உள்ளம் உருகும். அகழ்ப்போர் நடந்த இடத்தைக் காண்பார்கள், மெய் சிலிர்க்கும். உஹத் மலையடிவாரத்தில் ஸலாம் உரைப்பார்கள். மீண்டும் கண்கள் பனிக்கும். பின்னர்ப் பேரீச்சம்பழச் சந்தை, லுஹருக்குத் திரும்புதல். இக்கட்டுரைகளில் தலங்களின் பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி அமைத்தாலும் பொருள் கெடுவதில்லை. இதுவே அவற்றின் பெருங்குறை. எந்த இடத்திற்கும் பொருந்தும் கண்ணீர், எந்த இடத்தையும் நமக்குக் காட்டாது. விடுதி அறையின் வசதியும் உணவின் சுவையும் மட்டும் நுணுக்கமாக விவரிக்கப்படுவதைக் காணும்போது, எழுதுவோருக்கு நுணுக்கம் வரும். அதை உரிய இடத்தில் செலவிடவில்லை என்றே தோன்றுகிறது.

நம் முன்னோர் இத்திருநகரங்களை எவ்வாறு பாடினர்? பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் யாத்த உமறுப் புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைத் தமிழகத்து மருத நிலமாகவே ஆக்கிவிட்டார். மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, வயல்கள் விளைகின்றன. பாலைநிலத்தில் நெல் ஏது என்று நகைத்தோர் உண்டு. அந்நகைப்பு காவியத்தின் நோக்கத்தை உணராததால் எழுந்தது. ஆற்றையும் வயலையுமே அறிந்த தமிழர், பெருமானாரின் நாட்டை அயல்நாடு என்று எண்ணலாகாது என்பதே புலவரின் கருத்து. ஹிஜ்ரத்துக் காண்டத்தின் மதீனம் புக்க படலத்தை அடையும்போது, படிப்பவர் தமக்குப் பழகிய ஓர் ஊருக்குள் நுழைவது போன்றே நுழைகின்றார்.

நாகூர் குலாம் காதிறு நாவலரும் (1833–1908) தம் ஊரின் மீது நாகூர்க் கலம்பகமும், புனித மக்காவின் மீது மக்காக் கோவையும் பாடினார். அருகிலுள்ள ஊரும் தொலைவிலுள்ள ஊரும் அவருக்கு ஒரே தமிழால் பாடத்தக்கனவாயின. கலம்பகம் பதினெட்டு உறுப்புகள் கலந்து வருவது. ஆயினும் அவற்றைக் கோத்து நிற்கும் பாட்டுடைத் தலைமை ஒன்றே. இன்றைய ஜியாரத் கட்டுரையிலும் பல உறுப்புகள் கலந்திருக்கின்றன; கோத்து நிற்கும் ஒன்றைத்தான் காணோம்.

"ஒரே நாளில் என்ன காண முடியும்?" என்று கேட்கலாம். 1326ஆம் ஆண்டு மதீனா சென்ற இப்னு பதூதா, அப்பயணத்தில் அங்குத் தங்கியது நான்கே நாள்கள். இவர் பின்னாளில் நம் தமிழ்நாட்டுக்கும் வந்து மதுரைச் சுல்தானின் அவையைக் கண்டவர். அந்த நான்கு நாள்களின் இரவுகளை அவர் பள்ளிவாசலிலேயே கழித்தார். முற்றத்தில் மக்கள் வட்டம் வட்டமாக அமர்ந்து, பெரிய மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து, குர்ஆன் ஓதியதையும் திக்ரு செய்ததையும் எழுதியுள்ளார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வொளி நமக்குத் தெரிகிறது. தாம் உருகியதாக அவர் சொல்லியதனால் அன்று. தாம் கண்டதைச் சொல்லியதனால் தெரிகிறது. காலத்தின் குறுக்கம் எழுத்தின் வறுமைக்குக் காரணமாகாது.

ஆகவே, ஒரு நாளே கிடைத்தவர் ஐந்து தலங்களையும் எழுத வேண்டியதில்லை. ஒன்றை எழுதட்டும். உஹதுக்கு எதிரே உள்ள சிறு குன்றை எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரீ 3ஆம் ஆண்டு அங்கு ஐம்பது வில்லாளிகள் நிறுத்தப்பட்டனர். வென்றாலும் தோற்றாலும், ஆளனுப்பும் வரை அவ்விடத்தை விட்டு அகலக்கூடாது என்பது அண்ணலாரின் கட்டளை. வெற்றி வந்துவிட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கினர். தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களும் சிலருமே நின்றனர். பின்புறமாக வந்த எதிரிப்படையால் போரின் போக்கே மாறியது. ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட எழுபதின்மர் அன்று ஷஹீதாயினர். ‘லைன்’ ஓடிக்கொண்டிருக்கையில் மாற்றாள் வருமுன் தன் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பதை இருங்காட்டுக்கோட்டைத் தொழிலாளி நன்கு அறிவார். அக்குன்றின் மீது நின்று அவர் எண்ணுவதை, அறிஞர் எவரும் அவருக்காக எழுதித்தர இயலாது. அதை அவரே எழுதினால் அது இலக்கியம்.

பெருமானாரின் பள்ளிவாசலையும் அவ்வாறே எழுதலாம். இன்றைய பளிங்குத் தரையையும் விரியும் குடைகளையும் எல்லோரும் எழுதிவிட்டனர். அது முதலில் மண்கல் சுவரும், பேரீச்ச மரத் தூண்களும், ஓலைக் கூரையுமாகவே இருந்தது. ரமலானில் ஓர் இரவு மழை பெய்து கூரை ஒழுக, மறுகாலைத் தொழுகைக்குப் பின் பெருமானாரின் நெற்றியில் ஈரமண் படிந்திருந்ததைக் கண்டதாக அபூ ஸயீத் அல் குத்ரீ (ரலி) அறிவித்துள்ளார்கள். ஓலைக் கூரை ஒழுகுவது எப்படி என்பதை நம் ஊர்த் தாய்மார்க்கு விளக்க வேண்டுமா? அந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். மூட்டுவலியோடு அமர்ந்திருக்கும் அம்மூதாட்டி, இருந்த இடத்திலிருந்தே மதீனாவுக்குள் வந்துவிடுவார். உமறு வயலைக் காட்டிச் செய்ததை நீங்கள் ஓலையைக் காட்டிச் செய்கின்றீர்கள். அதுவும் கற்பனையன்று, வரலாறு.

மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இவ்வெழுத்தில் பெண்களின் குரல் மிக அரிது. ரவ்ழாவில் தொழ இன்று ‘நுசுக்’ செயலியில் முன்பதிவு தேவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு நேரங்கள். பெண்கள் அங்குப் பெறும் அச்சில நிமிடங்களை ஆண்கள் எவரும் கண்டதில்லை, காணவும் இயலாது. ஆயினும் குடும்பத்தின் பயணத்தை எழுதுபவர் குடும்பத்தலைவரே. "வீட்டாரும் தொழுதனர்" என்ற ஒரு வரியில் பாதி மதீனா மறைந்துவிடுகிறது. எழுத இயலாத தாயார் சொல்லச் சொல்ல மகள் எழுதலாமே!

இனி எழுதப்போகும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: மெய் சிலிர்த்ததைச் சொல்லாதீர்கள், எதைக் கண்டு சிலிர்த்தது என்பதைச் சொல்லுங்கள். வழிகாட்டி சொன்னதை ஆலிம்களிடமோ நல்ல நூல்களிலோ சரிபார்த்த பின்னரே எழுதுங்கள். விடுதியை விடுங்கள். நீங்கள் சென்றது ஒரு நாள். செல்ல இயலாதவர்களோ பல்லாயிரவர். அவர்களுக்காகவும் சேர்த்தே நீங்கள் பார்த்து வரவேண்டும்.