மேன் பக்கமும் இன்ஃபோ நூலும்: கட்டளைக் கையேடுகள் பற்றிய ஒரு திறனாய்வு

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு கட்டளை நிறுவப்படும்போது அதன் விளக்கமும் உடன் நிறுவப்பட வேண்டும் என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலவும் வழக்கமாகும். கட்டளை தட்டச்சு செய்யப்படும் அதே முனையத்தில், அதாவது எழுத்துகளால் மட்டுமே கணினியோடு உறவாடும் சாளரத்தில், அதன் விளக்கத்தையும் படித்துவிடலாம். எல்லாமே இணையத்தில் கிடைக்கும் காலத்தில் இவ்வழக்கம் இன்னும் தேவைதானா என்ற கேள்விக்கு மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் பாருவின் சுற்றுவட்டாரமே விடை தருகிறது. பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய அந்நகரியத்தை ஒட்டியுள்ள பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் மண்டலம் 1972இல் தொடங்கியது. அதே ஆண்டில் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியேயான தன் முதல் பொருத்துதல் ஆலையைப் பினாங்கில் நிறுவியது. சில்லுகளைப் பொருத்துவதில் தொடங்கிய அவ்வட்டாரத்தில் இன்று சில்லு வடிவமைப்பும் நடைபெறுகிறது. அதற்கான மென்பொருள்கள் பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்களில் இயங்குகின்றன. வடிவமைப்புத் தரவு வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காக அத்தகைய சர்வர்களை வெளி இணையத்திலிருந்து பிரித்து வைப்பது இத்துறையில் பரவலான நடைமுறை. அங்கே அமர்ந்து வேலை செய்யும் பொறியாளருக்கு முனையத்துக்குள் கிடைக்கும் விளக்கமே முதல் துணை. ஆகவே அவ்விளக்கம் எந்த வடிவில் அமைந்திருக்கிறது என்பது ஆய்வுக்குரிய பொருளாகிறது.

முனையத்தில் கிடைக்கும் விளக்க வடிவங்களுள் மூத்தது மேன் பக்கம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் தேதியைத் தாங்கி வந்தது. அப்படியொரு கையேடு எழுதப்பட்டே ஆக வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர்களது மேலாளரான டக் மெக்கில்ராய். பெயர், பயன்படுத்தும் முறையின் சுருக்கம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிற பக்கங்களுக்கான சுட்டு, தெரிந்த குறைகள் எனத் தலைப்புகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பதால், எந்தக் கட்டளையின் பக்கத்தைத் திறந்தாலும் எதை எங்கே தேடுவது என்பது படிப்பவருக்குத் தெரிந்தே இருக்கும். கட்டளைகள் 1ஆம் பிரிவிலும், இயங்குதளக் கருவுக்கான அழைப்புகள் 2ஆம் பிரிவிலும், கோப்புகளின் அமைப்பு 5ஆம் பிரிவிலும் வருமாறு கையேடு முழுவதும் எட்டுப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பெயர்த் தலைப்பின்கீழ் வரும் ஒற்றை வரி விளக்கங்கள் தனியே தொகுக்கப்படுவதால், கட்டளையின் பெயர் தெரியாதவரும் அப்ரோப்போஸ் என்னும் கருவியைக் கொண்டு பொருள்வழித் தேடலாம். குறைகளுக்கென்றே ஒரு தலைப்பை ஒதுக்கிய நேர்மை தனியாகப் பாராட்டத்தக்கது. பாஷ் என்னும் கட்டளை உறையின் பக்கம், தன் நிரல் அளவில் மிகப் பெரியது, வேகத்தில் மந்தமானது என்று அத்தலைப்பின்கீழ் தானே ஒப்புக்கொள்கிறது. விற்பனைக்கு வரும் பொருள்களின் கையேடுகளில் இத்தகைய வரியைக் காண்பது அரிது.

ஆயினும் மேன் பக்கம் ஏற்கெனவே அறிந்தவருக்கு நினைவூட்டுவதற்காக எழுதப்படுவது. புதிதாகக் கற்பவரை மனத்தில் வைத்து அது எழுதப்படுவதில்லை. தெரிவுகள் அகரவரிசையில் அடுக்கப்படுவதால், நாள்தோறும் தேவைப்படும் தெரிவும் ஆண்டுக்கொரு முறைகூடத் தேவைப்படாத தெரிவும் ஒரே எடையுடன் நிற்கின்றன. எடுத்துக்காட்டுகளுக்கு ஒரு தலைப்பு மரபில் உண்டு என்றாலும், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்குக் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் தரும் பக்கத்தில் அது இல்லை. இக்குறை எத்தகைய விளைவைத் தரும் என்பதை ஓர் எளிய வேலையைக் கொண்டு காணலாம். மாதத்தின் இறுதி நாளன்று இரவில் முந்தைய மாதத்துக்கான அறிக்கையைத் தானாகத் தயாரிக்கும்படி ஒரு பொறியாளர் ஏற்பாடு செய்ய விரும்புகிறார் என்று கொள்வோம். குறித்த நேரத்தில் வேலையை இயக்கக் கிரான்டேப் என்னும் அட்டவணையும், அறிக்கையின் பெயரில் மாதத்தைச் சேர்க்க டேட் என்னும் கட்டளையும் அவருக்குத் தேவை.

அவர் கிரான்டேப் பற்றி மேன் கட்டளையிடம் கேட்டால் 1ஆம் பிரிவிலுள்ள பக்கமே திறக்கும். அட்டவணையைத் திருத்துவது, நீக்குவது, பட்டியலிடுவது ஆகியவற்றை அது விளக்கும். நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை ஆகிய ஐந்து புலங்களை எவ்வாறு நிரப்புவது என்பது 5ஆம் பிரிவிலுள்ள இன்னொரு பக்கத்தில்தான் இருக்கிறது. பிரிவு எண்களின் பொருளை அறியாதவர் முதற்பக்கத்தின் அடியில் வரும் சுட்டைக் கவனிக்காமல் போனால், அப்படியொரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அங்கேதான் இரண்டு முக்கியமான எச்சரிக்கைகள் உள்ளன. நாளும் கிழமையும் சேர்த்துக் குறிக்கப்பட்டால் இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே வேலை இயங்கிவிடும் என்பது முதலாவது. ஆகவே 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று மட்டும் இயங்க வேண்டும் என்று எண்ணி எழுதப்படும் வரி எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் இயங்கும். அட்டவணையில் வரும் விழுக்காட்டுக் குறி, முன்னால் விலக்குக்குறி இடப்படாவிட்டால், வரி முறிவாகக் கொள்ளப்படும் என்பது இரண்டாவது. டேட் கட்டளையின் வடிவக் குறிகள் அனைத்தும் விழுக்காட்டுக் குறியுடனேயே தொடங்குவதால், முனையத்தில் சரியாக இயங்கிய வரி அட்டவணைக்குள் சென்றதும் பாதியில் முறிந்துவிடுகிறது.

டேட் கட்டளையின் பக்கத்தில் நிலைமை இதைவிட வருந்தத்தக்கது. 'ஒரு மாதத்துக்கு முன்பு' என்பது போன்ற சொற்றொடர்களை அக்கட்டளை ஏற்கும்; ஆனால் அவற்றின் இலக்கணம் அங்கே விளக்குவதற்கு மிகவும் சிக்கலானது என்றும், இன்ஃபோ ஆவணத்தில் முழுமையாக இருக்கிறது என்றும் கூறிவிட்டு மேன் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது. அந்த இன்ஃபோ ஆவணத்தைத் திறந்தால் நாள் வடிவங்களுக்கென்றே ஓர் இயல் காணப்படுகிறது. ஜூலை 31 அன்று ஒரு மாதத்துக்கு முந்தைய நாளைக் கேட்டால், ஜூன் 31 என்றொரு நாள் இல்லாததால் ஜூலை 1 என்ற விடை வரக்கூடும் என்றும், முந்தைய மாதத்தை நம்பகமாக அறிய நடப்பு மாதத்தின் 15ஆம் நாளிலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பானது என்றும் அவ்வியல் தெளிவாக எச்சரிக்கிறது. மாத இறுதியில் இயங்கும் அறிக்கைக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை கிடையாது. அது அதே கணினியிலேயே இருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பொறியாளர் முதலில் தேடும் இடத்தில் அது இல்லை.

இன்ஃபோ என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் ஆவண வடிவம். டெக்ஸ்இன்ஃபோ என்னும் குறிமொழியில் ஒருமுறை எழுதப்பட்ட மூலத்திலிருந்து அச்சு நூலையும், இணையப் பக்கத்தையும், முனையத்தில் படிக்கத்தக்க இன்ஃபோ கோப்பையும் உருவாக்க முடியும். ஒரு நூல் கணுக்கள் எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அடுத்தது, முந்தையது, மேலுள்ளது என அவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். நூலின் இறுதியில் பொருளடைவும் இருக்கும். ஐ என்னும் விசையை அழுத்தி ஒரு சொல்லைத் தந்தால், ஆசிரியர் அப்பொருளுக்கென்று குறித்து வைத்த இடத்துக்கே அது நேராக அழைத்துச் செல்லும். மேன் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடி அது வரும் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று செல்வதோடு இதை ஒப்பிட்டால் இன்ஃபோவின் மேன்மை விளங்கும். காரணத்தையும் வரலாற்றையும் எடுத்துக்காட்டையும் சேர்த்துச் சொல்வதற்கு இடமளிக்கும் வடிவம் என்ற வகையில், நூல் எழுதும் கலையை முனையத்துக்குள் கொண்டுவந்த பெருமை இன்ஃபோவுக்கே உரியது.

அத்தகைய வடிவம் பரவாமல் போனதற்கு அதன் படிப்பான் ஒரு காரணம். ஈமேக்ஸ் தொகுப்பானின் வழக்கங்களை ஒட்டியே அதன் விசைகள் அமைந்திருப்பதால், பிறருக்கு நூலைத் திறப்பதற்கு முன் நூல் திறக்கும் கலையைக் கற்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. இதைவிட முக்கியமான காரணம் குனூ திட்டத்தின் கொள்கையே. அதன் நிரலாக்க நெறிமுறைகள் மேன் பக்கங்களை இரண்டாம் நிலையில் வைக்கின்றன. ஒவ்வொரு நிரலுக்கும் அவை இருந்தாக வேண்டியதில்லை என்றும் கூறுகின்றன. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களோ ஒவ்வொரு நிரலுக்கும் மேன் பக்கம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. இவ்விரு எதிர்பார்ப்புகளுக்கும் இடையில் தோன்றிய சமரசமே ஹெல்ப்டூமேன் என்னும் கருவி: நிரல் தன்னைப் பற்றி அச்சிடும் சுருக்கமான உதவிக் குறிப்பை எடுத்து, அதற்கு மேன் பக்கத்தின் தோற்றத்தைத் தருவது அதன் வேலை. எல்எஸ், டேட் முதலிய அடிப்படைக் கட்டளைகளின் குனூ பக்கங்கள் இவ்வாறே உருவாகின்றன. பக்கத்தின் உருவம் இருக்கிறது. அதை எழுதியிருக்க வேண்டிய மனிதரின் சிந்தனை அதில் இல்லை. இன்ஃபோவை உயர்த்த வேண்டும் என்ற நல்லெண்ணம் இறுதியில் மேன் பக்கத்தை வறியதாக்கிவிட்டு, இன்ஃபோவையும் படிக்கப்படாத நூலாக விட்டுவிட்டது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. மாற்ற முடியாத பகுதிகளைக் கொண்ட குனூ ஆவண உரிமம் கட்டற்றது அன்று என்று டெபியன் 2006இல் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்ததால், ஈமேக்ஸ், ஜிசிசி என்னும் நிரல்மொழிமாற்றி ஆகியவற்றின் கையேடுகள் முதன்மைத் தொகுப்பிலிருந்து தனியே பிரிக்கப்பட்டன; நிரல் ஓரிடத்திலும் விளக்கம் வேறிடத்திலும் கிடக்கும் நிலை இதனால் மேலும் வலுப்பெற்றது.

நடைமுறையில் பெரும்பாலோர் முதலில் நாடுவது --ஹெல்ப் என்னும் தெரிவைத்தான். நிரலுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் நிரலின் பதிப்பும் விளக்கத்தின் பதிப்பும் வேறுபட வழியில்லை என்பது அதன் தனிச்சிறப்பு. கொள்கலன்களுக்காக மெலிதாக்கப்பட்ட லினக்ஸ் வழங்கல்கள் இடத்தைச் சேமிப்பதற்காக மேன் பக்கங்களை நீக்கிவிடுகின்றன. உபுண்டுவில் அவ்வாறு நீக்கப்பட்டவற்றை மீட்பதற்கென்றே அன்மினிமைஸ் என்றொரு கட்டளை உண்டு. அத்தகைய சூழலில் எஞ்சி நிற்பது --ஹெல்ப் ஒன்றே. ஆனால் அதில் தலைப்பு ஒழுங்கோ தேடும் வசதியோ கிடையாது. யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டி மரபின் பழைய கருவிகள் பல அத்தெரிவை ஏற்பதுமில்லை.

மேன் வடிவத்தின் குறைகள் அவ்வடிவத்தோடு பிறந்தவை அல்ல என்பதற்கு அந்தப் பிஎஸ்டி மரபே சான்று. பழைய மேன் குறிமொழி ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் இடு, சாய்வெழுத்தில் இடு என்று தோற்றத்தை மட்டுமே கூறும். 1990களின் தொடக்கத்தில் பெர்க்லியில் சிந்தியா லிவிங்ஸ்டன் உருவாக்கிய எம்டாக் என்னும் குறிமொழியோ, இது ஒரு தெரிவு, இது அதற்கான மதிப்பு, இது ஒரு கோப்பின் பாதை என்று சொல்லின் பணியைக் குறிக்கிறது. அதைப் படிக்கும் மேன்டாக் என்னும் நிரல், ஒரு தெரிவு விளக்கப்படும் இடத்துக்கே படிப்பவரை நேராக அழைத்துச் செல்ல வல்லது. இன்ஃபோவின் பொருளடைவு தரும் பயனில் பெரும்பகுதி இவ்வாறு ஒற்றைப் பக்கத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ஓபன்பிஎஸ்டி திட்டத்தில் ஆவணத்தின் பிழையும் நிரலின் பிழையைப் போலவே கருதப்படுகிறது. நிரலை மாற்றுபவரே பக்கத்தையும் மாற்ற வேண்டும் என்பது அங்கே எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு. அங்குள்ள பக்கங்கள் சிறந்திருப்பதற்குக் குறிமொழியைவிட இவ்வொழுங்கே பெரிய காரணமாகும்.

இவ்வடிவங்களைத் தமிழோடு பொருத்திப் பார்க்கும்போது மதிப்பீடு சற்று மாறுகிறது. லினக்ஸ் பற்றித் தமிழில் எழுத்து இல்லாமல் இல்லை. 2012இல் தொடங்கிய கணியம் இதழும், து. நித்யாவின் 'எளிய தமிழில் குனூ லினக்ஸ்' போன்ற நூல்களும் பலருக்குக் கைகொடுத்துள்ளன. ஆனால் அவை கணினிக்கு வெளியே இருப்பவை. தேவைப்படும் நொடியில் முனையத்தில் அழைக்க முடியாதவை. முனையத்துக்கு மிக அருகில் வந்துள்ள தமிழ் முயற்சி டிஎல்டிஆர் பக்கங்களே. 2013இல் தொடங்கிய அத்திட்டம் ஒரு கட்டளைக்கு அதிகம் போனால் எட்டு எடுத்துக்காட்டுகள் என்ற வரம்போடு சிறு பக்கங்களைத் தொகுக்கிறது; அத்தொகுப்பில் தமிழுக்கென்று தனிப் பகுதியும் உண்டு. மேன் பக்கம் கைவிட்ட எடுத்துக்காட்டுகளை அது ஈடுசெய்கிறது. எனினும் அது கட்டளையோடு சேர்ந்து வருவதன்று. இணையத்திலிருந்து தரவிறக்கப்பட வேண்டியது என்பதால், பாயான் லெப்பாஸின் மூடிய சர்வர் ஒன்றுக்குள் நிர்வாகியின் தயவு இருந்தால்தான் அது நுழைய முடியும். எச்சரிக்கைகளுக்கு அதில் இடமும் இல்லை; ஜூன் 31 சிக்கலை எட்டு எடுத்துக்காட்டுகளுக்குள் அடக்க முயல்வது வீண்.

தமிழ் எழுத்து முனையத்தில் சந்திக்கும் இடர் வேறு. முனையம் சம அளவுக் கட்டங்களால் ஆனது. 'கொ' என்னும் எழுத்தோ, மெய்யும் உயிர்க்குறியுமாக இரு குறியீடுகளாகச் சேமிக்கப்பட்டு, குறி மெய்யின் இருபுறமும் விரிந்து தோன்றுவது. இதற்கு எத்தனை கட்டங்கள் என்பதில் நிரல்கள் ஒன்றுபடுவதில்லை. கணக்கு மாறும்போது மேன் பக்கத்தின் நேரான வலப்பக்க ஓரம் சிதைந்துவிடுகிறது. சாளரச் சூழல் இல்லாத லினக்ஸ் கன்சோல் ஒரே நேரத்தில் 512 எழுத்துருவங்களுக்கு மேல் ஏற்காது. உயிர்க்குறிகளை இடம் மாற்றிச் சேர்க்கவும் அதற்குத் தெரியாது. இந்நிலையில் இன்ஃபோவின் அளவில் ஒரு பெருநூலைத் தமிழாக்குவதைவிட, குறிப்பிட்ட தலைப்புகளைக் கொண்ட குறுகிய மேன் பக்கமே நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. முனையம் கைவிடும் இடத்தில் அதே பக்கத்தை உலாவியில் திறக்க மேன் கட்டளையிலேயே வழியுண்டு; உலாவிகளில் தமிழ் எழுத்து பிழையின்றித் தெரியும்.

மொழிவாரியான பக்கங்களுக்கு மேன் கட்டளை ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருக்கிறது. கணினியின் மொழி தமிழ் என்று அமைக்கப்பட்டிருந்தால், அது கையேட்டு அடைவுக்குள் தமிழுக்கான உள்ளடைவை முதலில் பார்த்து, அங்கே பக்கம் இல்லையென்றால் மட்டுமே ஆங்கிலப் பக்கத்துக்குச் செல்லும். ஆகவே முழுக் கையேடும் ஆயத்தமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஒவ்வொரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். எல்எஸ் போன்ற எளிய கட்டளைகளில் தொடங்குவதே வழக்கம் என்றாலும், அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடு விளைவதில்லை. விழுக்காட்டுக் குறி பற்றிய எச்சரிக்கையைக் கொண்ட 5ஆம் பிரிவின் கிரான்டேப் பக்கமும், இன்ஃபோ இயலில் புதைந்து கிடக்கும் மாதக் கணக்கைத் தனக்குள் எடுத்துக்கொண்ட ஒரு டேட் பக்கமும் முதலில் எழுதப்பட்டால், தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தின் நகலாக நில்லாமல் அதைவிட நிறைவானதாகவே அமையும்.