குட்டி யானையிலிருந்து தோஸ்துக்கு

2005இல் வந்த டாடா ஏஸ், ‘குட்டி யானை’ என்ற செல்லப்பெயரோடு மதுராந்தகம் பக்கத்து நெல்லையும் காய்கறியையும் சுமக்கிறது. அதன் முதல் வடிவில் 702 சிசி, 2 சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன்; பாரம் முக்கால் டன், அதாவது 75 கிலோ மூட்டைகள் 10. அதற்கு மேல் ஏற்றுவோருக்கு அடுத்த படி, 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்: ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், 3 சிலிண்டர் டீசல், ஒன்றேகால் டன்.

இன்ஜின் தேர்வில் குதிரைத்திறனைவிட இழுவை முக்கியம். டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். அறுவடை நாளில் முழுப் பாரத்தோடு ஏரிக்கரைச் சரிவில் முதல் கியரில் திணறாமல் ஏறும் அந்த நிதானம்தான் அதன் அழகு. பெட்ரோல் வண்டிக்கு விலை குறைவு, அதிர்வும் குறைவு; ஊருக்குள் ஓட அது போதும். தினமும் கோயம்பேடு போய்வர டீசலே கட்டுப்படியாகும்.